தரங்கம்பாடி: வாடகைக்கு வந்தவர்கள் கட்டிய கோட்டை

"மலருக்கு எல்லாரும் கவிதையாவே தர்றாங்கப்பா, நீ வரலாறு மாதிரி ஏதாவது எழுதிக் கொடு" என்று நம் முன்னாள் மாணவர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் அண்ணன் போனில் கேட்டார். நான் சிவில் படித்தவன். கம்பியும் கலவையும்தான் தெரியும். ஆனால் சுவரைப் பார்த்தால் அதன் வயதைக் கேட்கிற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் சரி என்று சொன்னேன். ஜூனியர் தம்பி தங்கைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். சீனியர்கள் பொறுத்தருள்க.

கிரானைட் கல் பார்க்கிற வேலையாகச் சீனாவில் சியாமென் என்ற துறைமுக நகரத்துக்கு ஒரு முறை போயிருந்தேன். பழைய புத்தகங்களில் அமோய் என்று இருப்பது இந்த ஊர்தான். கல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அதன் எதிரே குலாங்யூ என்று இரண்டு சதுர கிலோமீட்டர்கூட வராத குட்டித் தீவு. படகுத்துறையில் நம் குச்சனூர் ஆடிச் சனிக்கிழமைக் கூட்டம் மாதிரி ஜனம். தீவுக்குள் கார் கிடையாது. எங்கே திரும்பினாலும் ஐரோப்பிய பாணி பங்களா, தூண் வைத்த தாழ்வாரம், தேவாலயம், பழைய தூதரகக் கட்டடங்கள். 1842-ல் அபினிப் போரில் தோற்ற சீனா, நான்கிங் உடன்படிக்கையில் ஐந்து துறைமுகங்களை ஆங்கிலேயருக்குத் திறந்துவிட வேண்டியிருந்தது. கான்டன், அமோய், ஃபூசோ, நிங்போ, ஷாங்காய். பின்னால் மற்ற நாட்டுக்காரர்களும் வந்து 1903 முதல் குலாங்யூ பன்னாட்டுக் குடியிருப்பாக இருந்தது. 2017-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே இருக்கிற பங்களாக்களில் பல வெள்ளைக்காரன் கட்டியதே அல்ல. தென்கிழக்கு ஆசியாவில் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிய சீனர்கள் கட்டியவை. நம் செட்டிநாட்டு வீடுகளும் பர்மா பணமும் உடனே ஞாபகம் வந்தது.

கூட வந்த சீன நண்பர், "உங்கள் ஊரில் இப்படி இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறதே என்று தரங்கம்பாடியைச் சொன்னேன். டென்மார்க்காரர்கள் 225 வருஷம் இருந்த ஊர் என்றதும், "அப்படியா, அவர்கள் போர் செய்து பிடித்தார்களா?" என்றார். இல்லை, வாடகைக்கு வந்தார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஊர் திரும்பி நான் மறுபடி புத்தகங்களைப் புரட்டியதும், இரண்டு தடவை தரங்கம்பாடிக்குப் போய் வந்ததும் அந்தக் கேள்வியால்தான்.

கதை 1618-ல் தொடங்குகிறது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் காலம். டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மிளகில் காசு பார்க்கிறார்கள், நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று 1616-ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். (மிளகின் அருமை குமுளிக்கும் போடிக்கும் பக்கத்தில் பிறந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) ஓவே கெட்டே என்ற இருபத்து நாலு வயது இளைஞர் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. நம்மில் பலர் அந்த வயதில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நின்றுகொண்டிருந்தோம்! அவர்கள் குறி தரங்கம்பாடி அல்ல, இலங்கை. கண்டி அரசரோடு ஒப்பந்தம் போடத்தான் போனார்கள். வழியிலேயே நோயில் ஏராளமானோர் இறந்தார்கள். இலங்கையில் காரியம் கைகூடவில்லை.

இதற்கிடையே முன்கூட்டி அனுப்பப்பட்ட இன்னொரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துகீசியர்கள் தாக்கி மூழ்கடித்துவிட்டார்கள். அதில் தப்பியவர் ரோலண்ட் கிராப்பே. டச்சுக்காரர், டேனிஷ் கம்பெனியில் வேலை பார்த்தவர். இவரும் உயிர் பிழைத்த சிலரும் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கடலில் கப்பலை இழந்து கரையேறிய ஆள்தான் ராஜாவிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாயக்கருக்கும் இதில் கணக்கு இருந்திருக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியன் ஒருவனே ஏகபோகமாக உட்கார்ந்திருப்பதைவிட, போட்டிக்கு இன்னொருவன் வந்தால் விலையும் கூடும், பிடியும் இருக்கும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. ஆண்டு வாடகை 3,111 ரூபாய் என்று நூல்களில் பார்க்கிறோம்.

இந்தச் சமயத்தில் ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பனையோலை வடிவத்தில் செய்த பொன் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அந்தப் பொன் ஓலை இன்றும் கோபன்ஹேகனில் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நானூறு வருஷம் கழித்தும் அவர்கள் அதை உருக்கிக் காசாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டேனிஷ் வணிகக் கம்பெனிகளின் ஆவணங்கள் 1997-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. நம் கடற்கரைக் கிராமத்தின் கணக்கு வழக்கைத் தேடுபவன் விமானம் ஏறி டென்மார்க் போக வேண்டும் என்பது பெருமையா வருத்தமா, நீங்களே சொல்லுங்கள்.

வாடகைக்கு வந்தவன் சாது என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் குடித்தனக்காரன் வந்த உடனே வாசலில் பீரங்கி வைக்கிறான்? இவர்கள் வைத்தார்கள். கடலைப் பார்த்து டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. கீழ்த்தளம் முழுக்க வளைவு வளைவாகக் கட்டிய அறைகள். அதில் சரக்கு, சிறை, சிப்பாய்கள். மேல்தளத்தில் கவர்னர் வீடும் தேவாலயமும். ஒரே கட்டடத்தில் கிட்டங்கி, ஜெயில், ஆபீஸ், கோவில், குடியிருப்பு. திட்ட வரைபடத்தைப் பார்த்தால் ஒரு வணிகக் கம்பெனியின் மனசு அப்படியே தெரியும்: மிளகு மூட்டைக்கு மேலேதான் கவர்னர் தூங்கினார்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் ஒருவன் இருக்கிறான். பெயர் எஸ்கில் ஆண்டர்சன். எழுதப் படிக்கத் தெரியாத சாதாரணச் சிப்பாய். 1650-ல் கோபன்ஹேகனில் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். கப்பல் வருவது நின்றது. இங்கே இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்துபோக, 1655-ல் மிஞ்சியது இவன் ஒருவன்தான். ஒரே ஒரு டேனிஷ்காரன், ஒரு கோட்டை! ஊர்க்காரர்களையும் போர்த்துகீசிய வழிவந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, தஞ்சாவூர்ப் படையைச் சமாளித்து, வங்காளத்துக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்துச் செலவை ஈடுகட்டி, ஊரைச் சுற்றிச் சுவரும் எழுப்பி, கொடியை இறக்காமல் 14 வருஷம் வைத்திருந்தான். 1669-ல் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. வீரம் என்பதா, கொள்ளை என்பதா? இரண்டும்தான். மேலிடத்தில் இருந்து ஒரு கடுதாசிகூட வராமல் 14 வருஷம் சைட்டில் தனியாக நின்றவன் என்கிற வகையில், பிராஜெக்ட் சைட்டில் மாதக்கணக்கில் கிடக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அவன்மேல் ஒரு ஒட்டுதல் வரத்தான் செய்கிறது.

நிலத்துக்குச் சொந்தக்காரர்களோடு உறவும் நேராக இருந்ததில்லை. நாயக்கர் போய் மராத்தியர் தஞ்சாவூருக்கு வந்தபிறகு, 1699-ல் ஷாஜி மன்னரின் படை தரங்கம்பாடியை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. ஆங்கிலேயர் உதவிக்கு வந்ததால்தான் டேனிஷ்காரர்கள் தப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் உதவியில் நிற்கிற குடித்தனம் கடைசியில் யார் கைக்குப் போகும் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தரங்கம்பாடி என்றாலே நம் எல்லோருக்கும் பள்ளிப் பாடத்தில் வருவது சீகன்பால்க். 1706 ஜூலை 9-ல் புளூட்சோவுடன் வந்து இறங்கினார். வந்தது டேனிஷ் மன்னரின் ஆதரவோடு. ஆனால் கம்பெனிக் கவர்னருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 1708-ல் பிடித்து நான்கு மாதம் கோட்டைச் சிறையில் போட்டுவிட்டார். வியாபாரிக்குப் பாதிரியாரால் வரும் தலைவலி வேறு வகை. அவர் தமிழ் கற்று, லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகளும் வரவழைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஹாலேயில் வார்த்த எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். 1718-ல் புது எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்து, அடுத்த ஆண்டே அங்கே அடக்கமானார். ஒரு விஷயம்: தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில் வந்தது என்று சில சுற்றுலா ஏடுகளில் போட்டிருக்கிறார்கள். அது சரியல்ல. தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூலான தம்பிரான் வணக்கம் 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் டேனிஷ் கம்பெனிக்கு உண்மையான லாபம் வேறிடத்தில் இருந்து வந்தது. 1732-ல் தொடங்கிய அவர்களுடைய ஆசியக் கம்பெனியின் கப்பல்கள் சீனாவின் கான்டனுக்குப் போய்த் தேயிலை ஏற்றின. தேயிலையோடு பார்த்தால் தரங்கம்பாடித் துணியும் மிளகும் சில்லறைதான். 1777-ல் ஊரை டென்மார்க் அரசே ஏற்றுக்கொண்டது. இன்று நாம் பார்க்கிற நகர வாசல் 1792-ல் கட்டியது. அதில் டேனிஷ் அரச முத்திரையை இன்றும் பார்க்கலாம். நெப்போலியன் போர்களில் டென்மார்க் எதிர்ப்பக்கம் போனதால் 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள். திரும்பக் கொடுத்தபோது வியாபாரம் செத்துப்போயிருந்தது.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. விற்றது! யாருடைய நிலத்தை? தஞ்சாவூர் அரசரிடம் வருஷ வாடகை பேசி வாங்கிய நிலத்தை. குடியிருந்தவன் வீட்டை விற்றுவிட்டான். சொந்தக்காரர் என்ன செய்தார் என்று கேட்டால், அவரிடம் எதுவும் இல்லை. 1799-லேயே தஞ்சாவூர் ராஜ்யத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, அரசரைக் கோட்டைக்குள் பென்ஷன்தாரராக உட்கார வைத்துவிட்டார்கள். வாங்குகிறவனே சொந்தக்காரனின் எஜமானனாக இருக்கும்போது யார் யாரிடம் பட்டா கேட்பது? சியாமென் நண்பரிடம் நான் "வாடகைக்குத்தான் வந்தார்கள்" என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். 1842-ல் சீனாவில் பீரங்கியால் நடந்ததும், மூன்றே வருஷத்தில் இங்கே பேனாவால் நடந்ததும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல. இங்கே பீரங்கி முன்பே வேலையை முடித்திருந்தது, அவ்வளவுதான்.

இதை நம் ஊர்க்காரர்கள் கூர்ந்து படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணீரே ஒரு குத்தகைப் பத்திரத்தின்மேல்தான் ஓடுகிறது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் அரசின் இந்தியச் செயலருக்கும் இடையே கையெழுத்தான பத்திரம். 999 ஆண்டு. 8,000 ஏக்கர். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1970-ல் அதை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினார்கள். இங்கேயும் கையெழுத்துப் போட்ட இரண்டு பேருமே இன்று இல்லை. சமஸ்தானமும் போயிற்று, சாம்ராஜ்யமும் போயிற்று. பத்திரம் மட்டும் நின்றது. அது செல்லுமா என்று வாதாடி, 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்ன பிறகுதான் 142 அடி உறுதியானது. பென்னிகுயிக்கின் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற நம் விவசாயிகளில் எத்தனை பேர் அந்தப் பத்திரத்தை ஒருமுறையாவது படித்திருப்போம்? நம் கல்லூரி நூலகத்தில் ஒரு நகல் இருந்தால் நல்லது. அடுத்த கூட்டத்தில் யாராவது இதை எடுத்துப் பேசுங்கள்.

பத்திரம் போகட்டும், சுண்ணாம்புக்கு வருவோம். அதுதான் என் துறை. பெரியாறு அணையும் டான்ஸ்போர்க்கும் பொருளில் உறவுக்காரர்கள். இரண்டும் சிமெண்ட் காலத்துக்கு முந்தியவை. சுண்ணாம்பை நம்பி நிற்பவை. 1895-ல் திறந்த அணையில் சுண்ணாம்போடு சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் பொடி, கலந்தார்கள். செங்கல் பொடியில் இருக்கிற சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீருக்குள்ளேயே இறுகும். 1979-க்குப் பிறகு கான்கிரீட் தொப்பி, கேபிள் நங்கூரம், பின்பக்கக் கான்கிரீட் தாங்கல் என்று பலப்படுத்தினாலும் உள்ளே கிடக்கிற உடம்பு அந்தப் பழைய கலவைதான். சோழமண்டலக் கடற்கரையில் சுண்ணாம்பு பெரும்பாலும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைப்பது நம் கொத்தனார்களின் கைமுறை. ஆக, வரைபடத்தில் ஐரோப்பிய வாடை அடித்தாலும் சுவர் பேசுவது இந்த ஊர்ப் பாஷை.

ஊருக்குள் பழைய வீடுகள் சிலவற்றில் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்ததைப் பார்த்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். கடலோரச் சுவர் உப்புத் தண்ணீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட உப்பு படிகமாகிச் செங்கல்லையே மாவாக உதிர்க்கும். ஒட்டுப்போட்ட இடம் கெட்டியாக நிற்கும், அதைச் சுற்றியிருக்கிற சுவர் போய்விடும். அதனால்தான் கவர்னர் பங்களா, தெருவோரத் தமிழ் வீடுகள் சிலவற்றை டேனிஷ் அமைப்புகளின் உதவியோடு இன்டாக் புதுப்பித்தபோது சுண்ணாம்புக்கே திரும்பினார்கள். கோட்டைக்கு இப்படி யோகம் வரக் கொஞ்ச காலம் ஆனது. 1978 வரை அது பயணியர் விடுதி. பிறகுதான் தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்து, 1979-ல் அருங்காட்சியகம் ஆக்கியது.

சுண்ணாம்பால் ஆகாத காரியமும் உண்டு. கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோவில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரன் வருவதற்கு 314 வருஷம் முன்பு. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கடல் அந்தக் கோவிலைப் பெரும்பகுதி தின்றுவிட்டது. பின்னாளில் புதுப்பித்துக் கட்டினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊர் மீனவர் குடும்பங்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கோட்டை நின்றது. கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அதைப் பற்றி மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். டேனிஷ்காரனுக்கும் நாயக்கருக்கும் முந்தி அங்கே இருந்தவர்கள் கட்டுமரக்காரர்கள். அவர்களுக்கு யாரும் பொன் ஓலையில் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தேனியிலிருந்து மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாக மயிலாடுதுறை. அங்கிருந்து பொறையாறு பஸ்ஸில் ஏறினால் தரங்கம்பாடி. 1926-ல் போட்ட மயிலாடுதுறை - தரங்கம்பாடி மீட்டர்கேஜ் ரயில் 1980-களிலேயே நின்றுபோனது. 2020 முதல் ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. மதியம் வெயில் தாங்காது, காலையில் போங்கள். நகர வாசலில் நுழைந்து ராஜா வீதியில் நேராக நடந்தால் இடது பக்கம் 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம், வலது பக்கம் புது எருசலேம் ஆலயம், கடைசியில் மைதானம், கோட்டை, கடல். சிவில் படிக்கிற பிள்ளைகள் கோட்டையின் கீழ்த்தளத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். வளைவு எங்கே சுவரில் உட்காருகிறது, பாரம் எப்படி இறங்குகிறது என்று கம்பி ஒன்றுகூட இல்லாமல் கண்ணால் பார்க்கலாம். ஒரு அளவு டேப்பும் டார்ச்சும் கையில் இருக்கட்டும், உள்ளே இருட்டு.